அம்மாவின் மலைக்கீரை

இப்போதிருக்கும் தின்கன்ஜூன் வீட்டில், அம்மாவுக்காகத் தானியக் கீரை விதையைப் பொரித்தேன். அந்த வாசனையில், யாங்கோனில் நாங்கள் முதலில் குடியிருந்த மிங்கலா தாங்ஞுன்ட் வீட்டுக் கொல்லை நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்கு ரயில்வேயில் மாற்றலாகி, ஷான் மலையிலிருந்து யாங்கோன் வந்த வருஷம் அது. அம்மா தானியத்துக்காக மலையூர்ச் சிவப்புக் கீரையை விதைத்தாள். மழையில் ஆள் உயரம் வளர்ந்தது. கதிரெல்லாம் பூஞ்சை பிடித்து அழுகியது. பக்கத்து வீட்டு டோ மியா போட்டிருந்த, பக்கத்துத் தன்லியின் ஊரின் வெள்ளை ரகம் மட்டும் தப்பியது.

"எனக்கே இந்த ஊரு ஒத்துக்கல. இதுக்கா ஒத்துக்கும்?" என்று அம்மா அழுதாள்.

மழை விட்டதும் மிச்ச விதையை அப்பாவே விதைத்தார். பகல் குறுகிய நாட்களில் செடி முழங்கால் உயரத்திலேயே பூத்தது. கதிர் கனத்துச் சாய்ந்தது.

"குள்ளமாப் போச்சே," என்றாள் அம்மா.

"இருக்கட்டும். விதை பிடிச்சிருச்சுல்ல," என்றார் அப்பா.

அன்றுதான் அம்மா, அதுவரை பிரிக்காத துணிப்பெட்டியைத் திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கினாள்.

இப்போது பொரியை மென்றபடி அம்மா கேட்டாள்: "மலை விதையா?"

"கடையில வாங்கினதும்மா."

"நம்ம மிங்கலா தாங்ஞுன்ட் கொல்லை விதைதான் ருசி," என்றாள்.