அடிவயிற்றின் நிறம்

"எங்கள் வீட்டில் குண்டு போட்டது பொம்மர்" என்று அகதி விசாரணையில் சொன்னேன். அது என்ன நிறம் என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். இறக்கையில் ஏதாவது குறி இருந்ததா? அதுவும் தெரியாது. அவர் முகம் சுருங்கியது. மிச்சத்தை மூன்று கிழமை கழித்துக் கேட்பதாகத் தள்ளிவைத்தார். என் கதை பொய்யென்று எழுதிவிட்டால், கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிடவே முடியாது.

அந்த மூன்று கிழமையும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஐந்து பேர் இருந்த பிளாட்டில் மூலைக்கு மூலை நடந்தேன். கூட இருந்த அண்ணை ஒருவர், "ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லிவிடன். அவங்கள் என்ன, போய்ப் பாக்கப்போறாங்களே?" என்றார்.

நிறம் தேடி நூலகத்துக்குப் போனால், இரண்டாம் உலக யுத்தத்தின் முதல் ஜெட்டுகளைப் பற்றிய தடித்த புத்தகம்தான் கையில் கிடைத்தது. விசர் பிடித்தவன்போல அதைப் படித்து, அப்படியொரு ஜெர்மன் ஜெட்டின் பிளாஸ்டிக் மாதிரியையும் வாங்கி வந்தேன். துண்டுகளை ஒட்டி, மூட்டுகளில் இடுக்குத் தெரியாமல் புட்டிப் பசை அடைத்து, அரத்தாளால் தேய்த்தேன். நிஜ விமானத்தையும் இப்படிப் புட்டி பூசித்தான் மழமழப்பாக்கினார்களாம். யுத்தம் முடியும் தறுவாயில் அவசரத்தில் சிலதுக்கு பெயின்ற்கூட முழுதாக அடிக்கவில்லையாம். அடித்தவற்றுக்கு முதுகில் இரண்டு விதப் பச்சை, பக்கங்களில் தெளித்த புள்ளிகள், வயிற்றில் வெளிர்நீலம், இறக்கைக்குக் கீழே கறுப்புச் சிலுவை.

நான் வயிற்றைத்தான் முதலில் பூசினேன், அதுவும் மூன்று தரம். அண்ணை சிரித்தார்: "மேசையில வைச்சா உது ஆருக்கடா தெரியப்போகுது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விமானத்தின் முதுகை நான் எந்தக் காலத்தில் கண்டேன்? பிறகுதான் உறைத்தது, வயிற்றையும் காணவில்லை. கீழே நிற்பவனுக்கு வானத்தில் தெரியக்கூடாது என்றுதானே அந்த நீலத்தையே பூசுகிறார்கள்.

இரண்டாம் விசாரணைக்கு வெளிர்நீலத்தை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனேன். அன்று மொழிபெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியாது ஐயா. பங்கர் குழிக்குள்ள மகளின்ர காதைப் பொத்திக்கொண்டு கிடந்தனான்."

"அப்படியென்றால் உமக்கு என்னதான் தெரியும்?"

"சத்தம்."

எப்படிப்பட்ட சத்தம் என்று கேட்டார். சொல்லத் தெரியாமல் வாயாலேயே செய்துகாட்டினேன், பொம்மர் தாழப் பதிந்து இறங்கும்போது எழும் அந்தக் கீச்சலை.

மொழிபெயர்க்க வந்த பெண்ணின் பேனை விழுந்தது. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு அவர் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். ஒரு கணம்தான். நிமிர்ந்து, வெட்கத்தோடு அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதிகாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வழக்குக் கோப்பை மூடிவைத்து ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார்.

"மகளுக்கு இப்ப எத்தினை வயசெண்டு கேக்கிறார்" என்றார் அந்தப் பெண், விழுந்த பேனையைக் குனிந்து எடுத்தபடி.