மச்சானின் முழு முகம்

என் மனைவி கத்தரிக்கோல் பிடிக்காத நாளே கிடையாது. பகலில் பியூட்டி பார்லரில் முடி வெட்டுவாள், வீட்டுக்கு வந்தால் போட்டோ வெட்டுவாள். பார்லரில் மூன்று மடிப்புக் கண்ணாடி ஒன்று உண்டு. நடுவில் முகம், இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் இன்னொரு காது. வருஷக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தவளிடம், ஓவியம் படித்த வாடிக்கையாளர் ஒருவர், "இப்படி எல்லாப் பக்கத்தையும் ஒரே படத்துல காட்டுறதுக்குப் பேரு கியூபிசம்" என்று சொல்லிவிட்டார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார், மாட்டிக்கொண்டது நான். மறுவாரமே எங்கள் கூடத்துச் சுவரில், அவள் வெட்டி ஒட்டிய போட்டோக்களில், மூக்குக்கு மேலே காதும், காதுக்குள்ளே கண்ணும் முளைக்கத் தொடங்கின.

அவள் படத்துக்கு உட்கார ஒரே ஆள்தான். அவளுடைய அண்ணன், என் மச்சான். எங்களோடுதான் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டியும் மனசு ஐந்தைத் தாண்டவில்லை. பேரும் விலாசமும் கேட்டால் சிரிப்பார். நான் உட்காரச் சொன்னால் எழுந்து ஓடுகிறவர், பாப்பா படம் எடுக்கப் போனைத் தூக்கினால் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். பாப்பா என்றால் என் மனைவி. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அன்றைக்குத் தெருவில் பெரிய குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் ரோட்டை உடைக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. சத்தம் என்றாலே மச்சானுக்கு ஆகாது. நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஆளைக் காணோம்.

அவளைப் பார்லரிலிருந்து வரவழைத்து, இருவரும் தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினோம். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"முகம் தெரியிற மாதிரி ஒரு போட்டோ காட்டுங்க," என்றார் அங்கிருந்த பெண் ஏட்டு.

என் மனைவி போனைத் திறந்தாள். ஒரு காது. தள்ளினாள். பிடரி. தள்ளினாள். ஒற்றைக் கண், கட்டைவிரல், தாடை. நூற்றுக்கணக்கில் படங்கள், ஒன்றிலாவது முழு முகம் இல்லை. என் போனில் இருந்ததெல்லாம் அவர் எழுந்து ஓடும் கலங்கல்தான். மச்சானின் அடையாள அட்டையில் இருந்ததோ மீசை முளைக்காத வயதில் எடுத்தது.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா இது, ஒரு மனுஷனைத் துண்டு துண்டா வச்சிருக்க?"

அடுத்த அரைமணியில் இரண்டு போலீஸ்காரர்கள் எங்கள் கூடத்தில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் போய், "இங்க சண்டை சச்சரவு ஏதாவது உண்டா?" என்று விசாரித்தார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்கள். அதுவரை அழாமல் இருந்தவள், மூடி நகர்ந்த சத்தத்தில் என் கையை நகம் பதியப் பிடித்தாள். உள்ளே தண்ணீர்தான் இருந்தது. போகும்போது ஒருவர், "ரெண்டு பேரும் ஊரை விட்டு எங்கேயும் போகாதீங்க," என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்து, சுவரிலிருந்து உரித்த துண்டுகளை வைத்து நேரான முகம் ஒன்று சேர்க்கப் பார்த்தாள். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. வாய் யாருடையதோ மாதிரி இருந்தது.

"இது எங்க அண்ணன் இல்லைங்க," என்றாள். "கண்ணை மூடினா எனக்கு அவர் முகமே வர மாட்டேங்குது."

அதைக் கேட்டு நான் ஆடிப்போனேன். சுவரில் மிச்சமிருந்த பெரிய படத்தை அப்படியே கழற்றி, ஜெராக்ஸ் எடுத்துக் கடை கடையாக ஒட்டினேன். மருந்துக் கடைக்காரர், "காணாமப் போனது ஒருத்தரா, மூணு பேரா?" என்றார். அவர் பல்லைக் கழற்றியிருப்பேன், நேரமில்லை.

பொழுது சாயும் நேரம். பதிப்பதற்காகத் தெருவோரம் போட்டிருந்த குழாய்களுக்குக் காவல் இருப்பவர் படத்தின் மேல் விரலை வைத்தார். முகத்தில் இல்லை, உச்சந்தலையில்.

"முகம் தெரியலைங்க. இந்த ரெட்டைச் சுழியைப் பார்த்திருக்கேன். கடைசிக் குழாய்க்குள்ள முதுகைக் காட்டிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருந்தாரு. எங்க ஆளுதான் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கான்னு விட்டுட்டேன். காலையில கிரேன் வந்து அதைத் தூக்கிடும்."

ஓடினோம். அந்தக் குழாயைத் தாண்டி மத்தியானத்திலிருந்து எத்தனை தடவை போய் வந்திருப்போம்! உள்ளே இருட்டு. அவள் தவழ்ந்து போனாள். "அண்ணா, அண்ணா" என்றாள். அந்த முதுகு அசையவில்லை. அவள் கை நீட்டித் தோளைத் தொட்டாள்.

"பாப்பா, இப்ப திரும்பலாமா?" என்று மச்சானின் குரல் கேட்டது.

பின்தலையைப் படம் எடுக்கும்போது அவள் பழக்கிய பழக்கம் அது. யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது, பாப்பா வந்து தொட்டு, திரும்பு என்று சொல்கிற வரைக்கும். பயந்தால் என்ன செய்வதென்று தெரியாத மனுஷன், தெரிந்த ஒன்றைச் செய்திருக்கிறார். நாங்கள் கத்தியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறார்.

அவளுக்குக் குரலே எழும்பவில்லை. அவர் இன்னும் அந்தப் பக்கமே பார்த்தபடி காத்திருந்தார்.

"திரும்புன்னு சொல்லுடி!" என்று நான் வெளியிலிருந்து கத்தினேன்.