அவர் போகாத மலைக்கு ஒரு நெய்த்தேங்காய்

என் வீட்டுக்காரர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோதுதான் சாரத்திலிருந்து விழுந்தார். காக்கநாட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிக்கும் வேலை. விரதத்தில் ஒரு குறையும் வைத்ததில்லை. விடியுமுன் குளித்து, சரணம் சொல்லி, செருப்பில்லாமல் பஸ் ஏறிப் போன மனுஷன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பதற்காக மாலையைக் கத்தரித்து, ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். வாங்கிப் பைக்குள் வைத்தேன். அழுகை வரவில்லை. கேன்டீன் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனேன்.

கழுத்தெலும்பில் அடி. கைகாலில் அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து முன்னறையில் கட்டில் போட்டோம். பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "எல்லாம் அய்யப்பன் பாத்துக்குவாரு." விழும்போதும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார் என்று நாக்கு நுனிவரை வந்தது. "சாயா எடுக்கட்டா?" என்று கேட்டேன். கோபம்கூட எனக்கு முழுசாக வரவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றினேன், பாத்திரம் கழுவுவதுபோல அதுவும் ஒரு வேலை.

தெருமுனையில் சாயாக்கடை வைத்திருப்பவர்தான் எங்கள் பக்கத்துக் குருசாமி. கூட்டம் மலைக்குப் புறப்படும் நாள் நெருங்கியதும் வீட்டுக்கு வந்தார்.

"மோளே, அவரு வரலேன்னா என்ன, அவரோட நெய்த்தேங்கா நாங்க கொண்டுபோறோம். நெறைக்கறது மட்டும் அவரு கையால வேணும்."

"எந்தக் கையால?" என்றேன்.

"நாளைக்கு வாங்க சாமி, நெறைக்கலாம்" என்றார் கட்டிலிலிருந்து இவர்.

குருசாமி போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "உங்களத் தள்ளிவிட்டவருக்கு நெய் ஒண்ணுதான் கேடா?"

"தள்ளிவிட்டாரோ, சாகாம புடிச்சாரோ, எனக்கு எப்படி அறியும்?"

"கை வரணும்னாவது வேண்டிக்குங்க."

"வேண்டியாச்சு. இனி அவரு பாடு. தரலேன்னாலும் நெய் போகணும், பின்னே?"

இந்த மனுஷனோடு என்ன பேசுவது? எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. இருந்தது, எப்போது போனது என்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை நெய் உறைந்திருந்தது. அடுப்பில் வைத்து உருக்கினேன். கொஞ்சம் கூடுதலாகவே காய்ந்துவிட்டது, ஆறும்வரை குருசாமிக்குப் பொறுமை இல்லை. இவரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தேன். தண்ணீர் வடித்த தேங்காயை மடியில் வைத்து, அவருடைய இரண்டு கைகளையும் அதைச் சுற்றி வைத்துப் பிடித்துக்கொண்டேன். குருசாமி சரணம் சொல்லிக்கொண்டே தேங்காய்க் கண் வழியாக நெய் ஊற்றினார்.

முதல் சொட்டு குறி தவறி இவர் விரலில் விழுந்தது. நான் அவர் முகத்தையே பார்த்தேன். இமைகூட அசையவில்லை. கண்ணை மூடிச் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் விரல்களை மூடி என் கையை வைத்தேன். அடுத்து வழிந்ததெல்லாம் என் கைமேல். நன்றாகச் சுட்டது. அத்தனை நாளில் எனக்கு ஏதோ ஒன்று உறைத்தது அப்போதுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் கண் திறந்தார். என்னைப் பார்த்து, "நெய் சூடா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல. நீங்க சரணம் சொல்லுங்க" என்றேன். தேங்காய் நிறையும்வரை கையை எடுக்கவில்லை.