அம்மிணிக்குக் கொடுத்த லேசான வேலை

காரோடு பஞ்சாயத்தில் எங்கள் வார்டின் நூறு நாள் வேலைக்கு நான்தான் மேட். வருகை போடுவதும், வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதும், அரட்டை முற்றினால் அதட்டுவதும் என் பொறுப்பு. லேகாவின் வாய்க்குப் பயந்தே பாதி ஓடை தூர் வாரப்பட்டது என்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அம்மிணியை மட்டும் நான் அதட்ட வேண்டி வந்ததே இல்லை. நாற்பத்தாறு வயதிலும் மண்வெட்டியைப் பிடித்தால் இரண்டு பேர் வேலையை முடிப்பாள். கை ஓடும்போதே வரிசை முழுவதையும் சிரிக்க வைப்பாள். போன ஓணம் கழிந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. குளிக்காமல் வந்தாள். கொண்டுவந்த சோற்றைத் திறக்காமலே எடுத்துப் போனாள். பாதி வெட்டிய குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

"எனக்கு ஒண்ணுக்கும் வய்யக்கா, முடியல்ல. விடியுததுக்கு முன்னேயே முழிப்பு வந்திருது. எழும்பவும் தோணல்ல," என்றாள்.

"உனக்கு மடியாக்கும் மக்கா. நாலு வெட்டு வெட்டினா சரியாவும்," என்றேன். எங்கள் பக்கம் சோம்பலுக்கு மடி என்றுதான் பெயர்.

சரியாகவில்லை. மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அவள் வேலையை விட்டுப் போய்விடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் குடிதண்ணீர் கொதிக்க வைக்கிற லேசான வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அடுப்பு இருந்தது தள்ளி, ரப்பர் மரங்கள் நிற்கும் விளையின் மூலையில். நாங்கள் இங்கே கதை பேசிக்கொண்டிருக்க, நாள் முழுவதும் அவள் அங்கே தனியாக இருந்தாள். பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பங்குனியில் ஒரு காலை அவள் கணவர் சுந்தரன் போன் செய்தார். "லேகா, அம்மிணி சாவணும் சாவணும்னு சொல்லுதா. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல."

ஆட்டோ பிடித்து காரக்கோணம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம். எத்தனை நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். சுந்தரன் என்னைப் பார்த்தார். ஏழு மாதம் என்று நான்தான் சொன்னேன். முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியுமே. இது மனச்சோர்வு நோய், மருந்தாலும் பேசிச் செய்யும் சிகிச்சையாலும் குணமாகும், முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாலு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். உறங்குகிறாள், சோறு இறங்குகிறது. பழைய சிரிப்பு இன்னும் முழுசாக வரவில்லை. செக்கப்புக்கு நான்தான் கூடப் போகிறேன். போன வாரம் பஸ்ஸில் கேட்டேவிட்டேன்.

"எனக்க மேல கோவம் உண்டா மக்கா? நீ அப்பமே சொன்ன. நான் கேக்கல்ல."

அம்மிணி மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கோவம் ஒண்ணும் இல்லக்கா. ஆஸ்பத்திரிக்குப் போணும்னு எனக்கும் அப்பமே தோணிச்சு. நீங்க மடின்னு சொன்னீங்க. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் நம்பிட்டேன்."