பலகாரச் சூட்டில் பற்றிய புகைக்கூடு

காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. நீர்வேலியில் எங்கள் வீட்டில் மகளின் கல்யாணத்துக்குப் பலகாரச் சூடு. கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்க, அயல் பெண்களெல்லாம் கூடியிருந்து பயத்தம் பணியாரம், முறுக்கு, சிப்பி என்று சுட்டு அடுக்குவோம். அதற்கும் நாள் பார்க்கவேண்டும். நல்ல நேரத்தில்தான் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும்.

காஸ் இல்லாததால் குசினியில் கிடந்த பழைய புகைக்கூட்டு அடுப்பு மாதக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. ஈர விறகு, தேங்காய்ப் பொச்சுமட்டை, காயாத ஓலைமட்டை என்று கைக்கு வந்ததையெல்லாம் அதற்குள் தள்ளினோம். பலகாரச் சூட்டன்று சம்பந்தி அம்மா வருகிறார் என்றதும் புகைக்கூட்டின் வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அடித்து, மாவிலையும் கட்டினேன். உட்பக்கத்தைக் கூட்டவேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்தவர்கள் எல்லோரும் வடிவாயிருக்கு என்றார்கள், நானும் பூரித்துப்போனேன்.

சம்பந்தி அம்மா பருத்தித்துறைக்காரர். மகளின் கூறைச் சேலைக்கு பிளவுஸ் அளவு எடுக்க பஸ் ஏறி வந்திருந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு அவரிடம் பயம். சிரிப்பது குறைவு. சாத்திரியார் ஏதோ சொன்னார் என்று கல்யாண நாளை ஏற்கெனவே ஒருதரம் மாற்றியவர். இந்த மனிசியோடு என் பிள்ளை எப்படிக் காலம் தள்ளப்போகிறாள் என்று நான் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தேன்.

சட்டியை ஏற்றினோம். எண்ணெய் கெதியாகக் கொதிக்கட்டும் என்று யாரோ காய்ந்த தென்னம்பாளையும் சிரட்டையும் அள்ளிப் போட்டார்கள். சுவாலை எழும்பி மேலே போனது. பிறகு புகைக்கூட்டுக்குள்ளிருந்து லொறி ஏற்றத்தில் ஏறுவதுபோல ஓர் இரைச்சல். முற்றத்தில் நின்ற பக்கத்து வீட்டு மாமி கத்திக் குழறினார்.

“ஐயோ பிள்ளையள், உங்கடை புகைக்கூடு எரியுது!”

உள்ளே படிந்திருந்த கரி பற்றிவிட்டது. மேலே நெருப்பு சீறியது, கீழே அடுப்புக்குள் தணல் கொட்டியது. நடுவில் எண்ணெய்ச் சட்டி. என் கணவர் ஒரு வாளி தண்ணீரோடு ஏணியில் ஏறத் தொடங்கினார். இரண்டு பெண்கள் சட்டியைத் தூக்க ஓடினார்கள்.

“சட்டியிலை கை வையாதேங்கோ! மூடுங்கோ!”

சம்பந்தி அம்மாவின் குரல். பட்டுச்சேலையை இழுத்துச் செருகியபடி வந்து, பெரிய தாம்பாளத்தை எடுத்துச் சட்டியைத் தானே மூடினார். அடுப்பு நெருப்பின்மேல் மண்ணை அள்ளிப் போடச் சொன்னார். வெளியே ஓடிப்போய் ஏணியைப் பிடித்தார்.

“அண்ணை, புகைக்கூட்டுக்குள்ளை தண்ணி ஊத்தாதேங்கோ, கல்லுக்கட்டு வெடிச்சிடும். கூரையை நனையுங்கோ. எங்கடை அப்பான்ரை போறணையிலையும் உப்பிடித்தான் பிடிச்சது.”

அவருடைய அப்பா பாண் சுடும் பெரிய அடுப்பு, போறணை, வைத்து வியாபாரம் செய்தவராம். அந்த நேரம்தான் எனக்கு அது தெரியவந்தது.

சாக்குகளைத் தண்ணீரில் தோய்த்து, அடுப்பின் வாயை மேலிருந்து கீழ்வரை மூடினோம். காற்றுப் போகாமல் இறுக்க என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தவர், வேலிக்கரையில் குவிந்துகிடந்த வாழைக்குற்றிகளைக் காட்டினார். குலை வெட்டிய பிறகு நாங்கள் குப்பை என்று எறிந்தவை. பச்சைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிவந்து சாக்கோடு சேர்த்து அடுக்கினோம். கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல் குறைந்தது. நாங்கள் கூப்பிட்ட தீயணைப்பு வண்டி வந்தபோது மேலே புகை மட்டும்தான். வந்தவர்கள் கூரை மரங்களையும் தடவிப் பார்த்து, இனிப் பயமில்லை என்றார்கள்.

நான் மூச்சு விட்டேன். அதற்குள் மாமி வாயைத் திறந்துவிட்டார்.

“பலகாரச் சட்டி வைச்ச நேரத்திலை நெருப்புப் பிடிச்சிருக்கு. உது நல்லதுக்கில்லை.”

என் மகள் சுவரோடு சாய்ந்து நின்றாள், கண் நிறைந்துவிட்டது. எல்லோரும் சம்பந்தி அம்மாவைப் பார்த்தோம். நாளை மாற்றிய மனிசி, இனிக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அவர் குனிந்து, அடுப்படியில் விழுந்திருந்த கரிக்கட்டி ஒன்றை எடுத்தார். மாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

“அக்கா, வடிவாப் பாருங்கோ. உது சகுனமில்லை, கரி. கூட்டியிருந்தால் போயிருக்கும்.”

பிறகு என் மகளிடம் போனார். “நாள் பாக்கிறது பிள்ளையள் சந்தோசமா இருக்கத்தான். அழப்பண்ணுறதுக்கில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வா, பிள்ளை.”

மேசன் வந்து வெடிப்புப் பார்க்காமல் அந்த அடுப்பை மூட்டக்கூடாது என்று எனக்கு ஒரு கட்டளை. முற்றத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டினோம். கரி பூசிய பட்டுச்சேலையோடு அவரே குந்தியிருந்து பணியாரம் சுட்டார். மாமிதான் பக்கத்தில் இருந்து பயத்தம் உருண்டைகளை மாவில் தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தார்! நான் ஏதோ நன்றி சொல்ல வாயெடுத்தேன். “உள்ளுக்கும் ஒருக்கா கூட்டுங்கோ சம்பந்தி, வெளியிலை வெள்ளை நல்லாத்தான் இருக்கு” என்றார். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. இப்போது மழைக்காலம் தொடங்கமுன் புகைக்கூட்டைக் கூட்டாமல் நான் விடுவதில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஊரெல்லாம் விசாரிப்போம், நானும் விசாரித்தேன். ஆனால் என் பிள்ளையை எப்படிப்பட்ட ஒருவரின் கையில் கொடுக்கிறேன் என்பது, புகை மண்டிய என் குசினியில், ஊரே பயந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அவளிடம் நடந்துபோன அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.