மாமாவின் வெள்ளி மோதிரம்

அழுகிய முட்டை நாற்றம் என்றால் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது சோறு போட்ட நாற்றம். சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில், கழிவுநீர்ப் பிரிவில், மாமா, என் அக்கா வீட்டுக்காரர், பம்ப் ஆபரேட்டர். அவர் பிடித்துக் கொடுத்த வேலையில் நான் எலக்ட்ரீஷியன்.

சீசனில் கழிவுத் தொட்டி அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது தின்னாத பொருளில்லை. தொட்டியின் இரும்புப் படிகளைத் தின்றது. சிமெண்டுச் சுவரை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. செம்புக் கம்பியெல்லாம் கறுத்துப் பொடிந்தது. மாமா விரலில் இருந்த வெள்ளி மோதிரத்தையும் அது விடவில்லை. அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்புமுன் பல்பொடி தொட்டுத் தேய்ப்பாள். அஞ்சு நிமிஷத்தில் வெளுத்துவிடும். புதன்கிழமைக்குள் மறுபடி கறுக்கும்.

வாயு கூடினால் மணியடிக்கும் கருவி ஒன்று தொட்டியருகே இருந்தது. அது என் பொறுப்பு. மணிக்குக் கரண்ட் விடும் ரிலேயில் வெள்ளி பூசிய இரண்டு சின்ன முனைகள். அவை கறுத்தால் கரண்ட் தாண்டாது. புது ரிலே கேட்டு ஸ்டோரில் போய் நிற்க எனக்குச் சோம்பல். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவேன், மணி அடிக்கும். கைவேலைக்காரன் என்ற திமிர் வேறு. தேய்க்கத் தேய்க்கப் பூச்சு போய், அடியிலுள்ள செம்பு இன்னும் சீக்கிரம் கறுக்கும் என்று தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

"மணி சரியா அடிக்கிதா மச்சான்?" என்பார் மாமா.

"அடிக்குது மாமா."

"நீ பாத்துக்கினு கீறப்போ எனக்கு இன்னா பயம்!"

ஒரு வெள்ளிக்கிழமை பம்ப் அடைத்துக்கொண்டது. மாமா தொட்டிக்குள் இறங்கினார். நான் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் நாறியிருக்கும். அந்த வாயு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்திருப்பார். மணி அடிக்கவில்லை. திங்கட்கிழமைதான் முனைகளைத் தேய்த்திருந்தேன்.

மாமாவைப் பிணமாகத்தான் தூக்கினோம்.

பிறகு எல்லாக் கருவியும் புதிதாக வந்தது, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக. கழற்றிய ரிலேயை யாரும் திறந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். முனைகள் கரியாக இருந்தன. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் ஜெபம் முடிந்து ஜனங்கள் போனபின் அக்கா மோதிரத்தை என் கையில் வைத்தாள்.

"என்னால இத்தைத் தேய்க்க முடியலடா. நீதான் எதையும் தேச்சி சரி பண்ணிடுவியே. வெளுத்துக் குடு."

மூன்று வருஷம் ஆகிறது. பல்பொடியை எடுப்பேன், மோதிரத்தைப் பார்ப்பேன், இரண்டையும் வைத்துவிடுவேன். அந்தக் கறுப்பைத் துடைக்க எனக்கு யோக்கியதை இல்லை. போன மாதம் அக்கா மறுபடி கேட்டாள்.

"எவ்ளோ தேச்சும் போகலக்கா" என்றேன்.

வாரம் தவறாமல் அஞ்சு நிமிஷத்தில் அதை வெளுக்க வைத்தவள், என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, துன்னுட்டுப் போ" என்று தட்டை எடுத்து வைத்தாள். அப்புறம் கேட்கவே இல்லை.