ஒற்றைச் சுரமும் மும்முனை மின்சாரமும்

மரச்சட்டத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. அப்புறம் சுவிட்ச். அதற்கப்புறம் இருபது நிமிடம் வசந்தா அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்ற உட்கார்ந்துவிடுவார். “இப்ப தொட்டா கத்தும். தூங்கி எழுந்த கொழந்தையாட்டம் அது. சூடேறட்டும்” என்பார்.

‘அது’, நாற்பது வயதான ஜப்பான் சிந்தசைசர்; மின்சாரத்தில் சுரம் எழுப்பும், ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள் வைத்த பெட்டி. திண்டிவனத்தில் கலைந்துபோன ஒரு கச்சேரிக் குழுவிடமிருந்து பேச்சு மூச்சில்லாமல் வந்தது. வசந்தா, செஞ்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். ஐம்பத்திரண்டு வயது. பழுதான ஒன்றைப் பார்த்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பிரித்து மேய்ந்து, அதற்கு உயிர் கொடுத்துவிட்டார்.

என் கிணற்று மோட்டாரைக் கொடுக்கப் போய், ஞாயிறுதோறும் அங்கேயே பழியாய்க் கிடக்கிறவன் நான். அந்தப் பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்று ஊமை. புதுசு வாங்கக் கூடாதா என்று கேட்டேன். முறைத்தார்.

“புதுசுல தாளம், தம்பூரா எல்லாம் உள்ளயே இருக்குது. அப்புறம் எழிலு இன்னாத்துக்கு, அண்ணன் இன்னாத்துக்கு? இத ஒத்தையில வாசிச்சா நல்லாவே இருக்காது சார். கூட ஆளு வோணும்.”

எழில், மேல்மலையனூரில் பம்பை அடிப்பவர். அண்ணன் என்பது கோதண்டராமன், நாதஸ்வரம். என்ன வாசிப்பது என்று மூவரும் முன்கூட்டிப் பேசுவதே இல்லை. ஒருவர் ஒரு வரியை எடுத்துப் போடுவார், அடுத்தவர் அதைத் திருகித் திருப்பிக் கொடுப்பார். எழில் வேண்டுமென்றே ஓர் அடியைத் தள்ளி வைத்தால், “அடப்பாவி!” என்று சிரித்துக்கொண்டே வசந்தா அந்த இடைவெளிக்குள் புகுந்துவிடுவார். காயில் சுற்றும்போது அந்த முகத்தில் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

ஒரே தொல்லை, கரண்ட். வயல்களுக்கு மும்முனை மின்சாரம் வந்து பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் கடையில் வோல்டேஜ் இறங்கும். கூடவே பெட்டியின் சுருதியும் வழுக்கும். ஸ்டெபிலைசர் வைத்தால் டக் டக்கென்று குதித்து இன்னும் மோசம். “நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்த மோட்டாருங்கதான் சார் என் சுருதியப் புடிச்சி இழுக்குது!” அதனால் மும்முனை எப்போது வரும் என்கிற ஷிப்ட் நேரத்தை விவசாயிகளிடம் கேட்டுக்கொண்டுதான் வாசிக்க உட்காருவார்.

போன மாதம் அவலூர்பேட்டையில் ஒரு காதுகுத்து. ஷிப்ட் மாறியிருப்பதை வசந்தா கேட்க மறந்துவிட்டார். நடு ஆலாபனையில் பெட்டி கால் சுரம் இறங்கியது. பிசகுவது நாதஸ்வரம்தான் என்று நினைத்துப் பந்தலே சிரித்தது. முப்பது வருஷமாக வாசிக்கிற மனிதர்! குழலை உறையில் போட்டுக்கொண்டு போனவர், நான்கு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. போன் பண்ணினாலும் எடுப்பதில்லை.

“எம்மேலதான் தப்பு. அவுரு வரலன்னா இத மூட்டகட்டி பரண்ல போட்டுடுவேன்” என்றார் வசந்தா. சொன்னால் செய்துவிடுகிறவர்.

நேற்று மதியம் கோதண்டராமன் வந்தார். எழில் நேரில் போய்க் கெஞ்சி அழைத்து வந்திருந்தார். “சாப்டியாம்மா?” என்று வசந்தாவைக் கேட்டுவிட்டு அண்ணன் குழலை உறையிலிருந்து எடுத்தார். வாசித்தார்கள். அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் டியூப்லைட் திடீரென்று மங்கியது. சுருதி சறுக்கிக்கொண்டே போனது. “ஐயோ, ண்ணா...” என்று வசந்தா கையை எடுத்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

கோதண்டராமன் வாயிலிருந்து குழலை எடுக்கவில்லை. மூச்சைத் தளர்த்தித் தன் சுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி, பெட்டி சறுக்கிப் போய் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தார். அங்கேயே பிடித்துக்கொண்டு, வா என்பதுபோல் வசந்தாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

வசந்தா கட்டையைத் தொட்டார். இரண்டு ஒலிகளும் ஒன்றாகவே நின்றன. கண்ணில் வழிந்ததை இடது புறங்கையால் துடைத்துக்கொண்டார். கையிலிருந்த வார்னிஷ் கறை கன்னமெல்லாம் ஈஷிக்கொண்டது. வலது கை விரல் மட்டும் கட்டையைவிட்டு எழவில்லை.